நீச்சல் குளத்தில் ஒருவர் தத்தளித்தால் லைஃப்கார்டின் பொறுப்பு எது வரை? அப்பார்ட்மெண்டில் பெரிய வாக்குவாதம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஏபிளாக்வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு அப்பார்ட்மெண்டில் குடியிருக்கிறேன், குடியிருப்போர் சங்கக் கமிட்டியிலும் இருக்கிறேன். எங்கள் குளம் பெரியது இல்லை, 3 அடியில் தொடங்கி 5 அடி வரை போகும். ஏஜென்சி மூலம் ஒரு லைஃப்கார்டு வைத்திருக்கிறோம்.

போன ஞாயிறு சாயங்காலம் நல்ல கூட்டம். ஏழு வயதுப் பையன் ஒருவன் மெல்ல நகர்ந்து 5 அடிப் பக்கம் போய் முங்கிவிட்டான். பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்துச் சத்தம் போட்டார், லைஃப்கார்டு ஓடிவந்து குதித்துத் தூக்கிவிட்டார். பையன் இருமினான், வாந்தி எடுத்தான், அழுதான். கூட நின்றவர்கள் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கச் சொன்னார்கள், லைஃப்கார்டும் இரண்டு மூன்று தடவை அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் பையன் தெளிந்ததும் பெற்றோர் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

அன்று இரவு தொடங்கிய வாட்ஸ்அப் சண்டை இன்னும் ஓயவில்லை. பாதிப் பேர் அவருக்குப் பாராட்டு விழா வைக்கச் சொல்கிறார்கள், மீதிப் பேர் உடனே மாற்றச் சொல்கிறார்கள். சம்பவம் நடந்த நேரம் அவர் நுழைவு மேசையில் விருந்தாளிகள் பெயரை ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவருக்குக் கொடுத்ததும் சங்கம்தான். இது போக காலையில் குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பும் எடுக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் விதிமுறை எழுதி வைக்க வேண்டும். ஒருவர் தத்தளிக்கிறார் என்றால் லைஃப்கார்டு முதலில் என்ன செய்ய வேண்டும், உடனே குதிப்பது சரியா, வெளியே எடுத்த பிறகு அவர் பொறுப்பு முடிந்ததா? அனுபவம் உள்ளவர்கள் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

குளக்கரை எழுதியது:

ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில் லைஃப்கார்டாகச் சேர்ந்து, இப்போது அங்கேயே மற்ற பையன்களுக்கு ஷிஃப்ட் பிரித்துக் கொடுக்கிற பொறுப்பில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

அவர் எவ்வளவு வேகமாகக் குதித்தார் என்று உங்கள் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் கேட்பது, பையன் முங்கியதை முதலில் பார்த்தது யார்? குளத்துக்குள் இருந்த ஒரு அம்மா. அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லைஃப்கார்டின் வேலையில் முக்கால்வாசி கண்ணால் செய்வது. குதிப்பது, தூக்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தண்ணீரில் மாட்டிக்கொண்டவர் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவார் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கத்துகிறவர் கஷ்டத்தில் இருக்கிறார், உதவி வேண்டும், ஆனால் அவருக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. நிஜமாக மூழ்கிக்கொண்டிருப்பவரிடமிருந்து பெரும்பாலும் சத்தமே வராது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் லைஃப்கார்டாக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்கிக்கொண்டிருந்தவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970களில் இதை எழுதி வைத்தார், இன்றைக்கும் எல்லாப் பயிற்சியிலும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரும், கீழே போகும், மறுபடி வரும். வாய் மேலே வருகிற நேரம் மூச்சை இழுக்கவே போதாது, அதில் எங்கே கத்துவது? கை இரண்டும் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும், தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவது போலவே இருக்கும். இது 20 முதல் 60 நொடி வரைதான் நடக்கும். சின்னக் குழந்தை என்றால் 20க்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும், அப்புறம் அடியில்தான். ரெஜிஸ்டரில் ஒருவர் பெயரையும் ஃபிளாட் நம்பரையும் எழுதி முடிக்க ஆகிற நேரம் அது.

அமெரிக்காவில் எல்லிஸ் என்ற பயிற்சி நிறுவனம் பரப்பிய ஒரு கணக்கு உண்டு, எங்கள் பையன்களுக்கும் அதையே சொல்கிறேன்: தன் பகுதியில் ஒருவர் தத்தளிப்பதை 10 நொடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்த 20 நொடிக்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டும். அதற்கு அவர் நிற்கிற இடத்திலிருந்து முழுக் குளமும் தெரிய வேண்டும், மேற்பரப்பு, நடு ஆழம், தரை மூன்றும். மேலே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் பாதி வேலைதான் பார்க்கிறார். ஒரே இடத்தில் நின்று ஒரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பார்க்கும், மனசு பார்க்காது. அதனால்தான் அரை மணிக்கு ஒருமுறையாவது ஆளை மாற்றுகிறோம். உங்களிடம் ஒரே ஆள் என்றால் மணிக்கு ஒருமுறை எல்லோரையும் பத்து நிமிடம் வெளியே ஏற்றிவிடுங்கள், அவருக்கும் ஓய்வு, குழந்தைகளுக்கும் ஓய்வு.

சரி, ஒருவரைப் பார்த்துவிட்டார். அப்புறம்? நீளமாக ஒரு விசில். அந்த விசிலுக்கு என்ன அர்த்தம் என்று குளத்துக்கு வருகிற எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்: எல்லோரும் ஓரத்துக்குப் போய் வெளியே ஏறு. ஒற்றை லைஃப்கார்டு தண்ணீருக்குள் இறங்கிய நொடியிலிருந்து மற்றவர்களைப் பார்க்க ஆள் கிடையாது, ஒருவரைத் தூக்கும்போது இன்னொருவர் முங்குவது நடக்கிற விஷயம்தான்.

அடுத்தது டியூப். நீளமான சிவப்பு நுரை டியூப், தோளில் மாட்டுகிற பட்டையோடு இருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது சுவரில் தொங்கக்கூடாது, அவர் உடம்போடு இருக்க வேண்டும். ஓரத்திலேயே தத்தளிக்கிறவருக்குக் கம்பை நீட்டினால் போதும், இறங்கவே வேண்டாம். கொஞ்சம் தள்ளி இருந்து, நினைவோடும் இருந்தால் வளையத்தை வீசலாம். எட்டாத தூரம், நினைவு தப்பியவர், சின்னக் குழந்தை, தரைக்குப் போய்விட்டவர், இவர்களுக்குத்தான் இறங்குவது. இறங்கும்போதும் கண் அவர் மேலேயே இருக்க வேண்டும். தலைகுப்புறப் பாய்ந்தால் நீங்கள் மேலே வரும்போது அவர் எங்கே என்று தெரியாது.

பையன் விளையாடுகிறானா மூழ்குகிறானா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம். பதில் இல்லையென்றால் போய்விட வேண்டும். போன பிறகு விளையாட்டு என்று தெரிந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. எங்கள் பையன்கள் அப்படிப் போய்விட்டுத் திரும்பினால் நான் சத்தம் போட்டதே கிடையாது.

உங்கள் ஆளைப் பற்றி என் கருத்து: அவரை மாற்றிவிட்டுப் புதிய ஆளையும் அதே மேசையில் உட்கார வைத்தால் அடுத்த ஞாயிறும் இதேதான். ரெஜிஸ்டரை வாட்ச்மேனிடம் கொடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

மதுரையில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். கரைக்கு எடுத்த பிறகு நடக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்களிடம் வந்து சேருகிறவர்களில் பலர் அந்த முதல் சில நிமிடங்களைக் கோட்டை விட்டுத்தான் வருகிறார்கள்.

வயிற்றை அமுக்கவே கூடாது. தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, முதுகில் போட்டுக்கொண்டு ஓடுவது எதுவும் வேண்டாம். அமுக்கினால் வருவது பெரும்பாலும் வயிற்றில் இருக்கிற தண்ணீரும் சாப்பாடும்தான், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நுரையீரலுக்குள் போன தண்ணீரை அப்படி வெளியே எடுக்க முடியாது, எடுக்கத் தேவையும் இல்லை. மூழ்கியவரின் உடம்புக்கு இல்லாதது ஆக்ஸிஜன். அதைக் கொடுப்பதுதான் அவசரம். அமுக்கிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நொடியும் அவருக்கு மூச்சு போகாத நொடி.

லைஃப்கார்டு செய்ய வேண்டியது இது. தட்டிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதில் இல்லையா, தலையைச் சாய்த்து முகவாயைத் தூக்கி மூச்சு வருகிறதா என்று 10 நொடிக்கு மேல் எடுக்காமல் பார்க்க வேண்டும். மூச்சு இல்லை, அல்லது மீன் வாயைத் திறப்பது போல விட்டு விட்டு ஏதோ வருகிறது என்றால் அது மூச்சில் சேராது. உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும், பாக்கெட் மாஸ்க் இருந்தால் அதை வைத்து. மாரடைப்பில் விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்துவதில் தொடங்கச் சொல்லித் தருகிறார்கள், அதையே இங்கும் செய்கிறார்கள். மூழ்கியவருக்கு மூச்சுதான் முதலில். ஐரோப்பிய வழிகாட்டுதலில் முதலில் 5 மூச்சு, அமெரிக்க வழிகாட்டுதலில் 2, அதற்குப் பிறகு பெரியவர்களுக்கு 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். குழந்தை என்றால் நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்பி, வாயைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி தொடருங்கள். 108 வருகிற வரை, அல்லது அவருக்கே மூச்சு வருகிற வரை நிறுத்தக்கூடாது. ஆக்ஸிஜன் இல்லாமல் மூளை தாங்குவது சில நிமிடங்கள்தான், ஆம்புலன்ஸ் உங்கள் கேட்டைத் தொடுவதற்குள் அது முடிந்துவிடும். அந்த நேரத்தில் அங்கே இருக்கிற ஒரே மருத்துவ உதவி உங்கள் லைஃப்கார்டுதான்.

ஏஇடி கருவி (நெஞ்சில் ஒட்டினால் இதயத் துடிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் மின் அதிர்ச்சி கொடுப்பது) வாங்கி வைத்திருந்தால் நல்லது, நெஞ்சைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஆனால் அதை எடுத்து வர மூச்சு கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரிலிருந்து தூக்கப்பட்டு, இருமி, வாந்தியும் எடுத்த குழந்தையை அப்படியே வீட்டுக்கு அனுப்பியது சரியில்லை. ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். இருமல் நிற்கவில்லை, வேகவேகமாக மூச்சு வாங்குகிறான், தூங்கித் தூங்கி விழுகிறான் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது. மூச்சோ நெஞ்சழுத்தமோ கொடுத்துப் பிழைக்க வைத்தவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் விதிமுறையில் லைஃப்கார்டே இதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள், சொன்னதைக் குறித்தும் வைக்கட்டும்.

அதே நேரம், ஒரு வாரம் கழித்துத் திடீரென்று ஏதாவது ஆகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பயப்பட வேண்டாம். கோளாறு இருந்தால் சில மணி நேரத்துக்குள் இருமலாகவோ மூச்சுத் திணறலாகவோ தெரிந்துவிடும். அவன் நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறான் என்றால் அந்தக் குடும்பம் நிம்மதியாக இருக்கலாம்.

ஏபிளாக்வாசி எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வயிற்றை அமுக்கக்கூடாது என்று எங்கள் 200 பேர் குழுவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, சிஸ்டர் எழுதியதை அப்படியே அங்கே போட்டுவிட்டேன்.

இன்னும் சில சந்தேகங்கள். எங்கள் லைஃப்கார்டு ஒல்லியான தம்பி. நூறு கிலோ ஆள் தத்தளித்தால் அவரால் முடியுமா, அவரையும் சேர்த்து அமுக்கிவிட மாட்டார்களா? இரண்டாவது, குழுவில் ஒருவர், "மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன், லைஃப்கார்டு சம்பளம் அதிலிருந்துதான் போகிறது, அப்புறம் நான் எதற்குக் குழந்தையோடு நிற்க வேண்டும்" என்று கேட்கிறார். மூன்றாவது, ஏஜென்சி கொடுத்த சான்றிதழை எதை வைத்து நம்புவது?

தெற்குக்காற்று எழுதியது:

கரையோரக் குப்பத்துக்காரன் நான், கடலில் ஆளை இழுத்து வந்த குடும்பம். உங்கள் முதல் சந்தேகத்துக்கு மட்டும் பதில்.

மூழ்குகிறவர் கைக்கு எது கிடைக்கிறதோ அதன் மேல் ஏறுவார். அது உங்கள் தலையாக இருந்தால் தலை மேல். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அந்த நேரத்தில் அவருக்கு அண்ணன் தம்பி யாரென்று தெரியாது. அதனால்தான் வெறுங்கையோடு கிட்டே போகாதே என்று எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்தார்கள். மிதக்கிற ஏதாவது ஒன்றை நடுவில் கொடுக்க வேண்டும். கேன், மரக்கட்டை, மிதவை, எது கிடைத்தாலும். அதை அவர் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும், பிறகு ஒல்லியான ஆளும் நூறு கிலோவை இழுத்து வரலாம், தண்ணீரில் எடை தெரியாது. பிடித்துவிட்டாரென்றால் அவரை உதற முயலாதீர்கள், மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போங்கள். அவருக்கு வேண்டியது மேலே, நீங்கள் கீழே போனால் தானே விட்டுவிடுவார். அப்புறம் பின்பக்கமாக வந்து பிடிக்கலாம்.

ஊரில் ஏரி, குவாரி, கிணறு என்று ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போகிற செய்தி வருகிறதே, பெரும்பாலும் இதுதான் காரணம். அண்ணன் தம்பி, நண்பன், அப்பா என்று ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பார்கள், கரையில் ஒரு கயிறோ புடவையோ கிடந்திருக்கும். மனசு பதறும்போது அது கண்ணில் படாது. அதனால் கயிறு கட்டிய வளையத்தை யார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டி வையுங்கள். லைஃப்கார்டு இல்லாத நேரத்திலும் அது இருக்கும்.

கடல் வேறு கதை. சென்னைக் கடற்கரையில் அலை உடைகிற இடம் தாண்டியதும் சட்டென்று ஆழம், போதாததற்கு உள்ளே இழுக்கிற நீரோட்டம். அதை எதிர்த்துக் கரைக்கு நேராக நீந்துகிறவர் களைத்துத்தான் முங்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளியே வந்தால் அலையே கொண்டுவந்து சேர்க்கும், முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கை காட்ட வேண்டும். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் போலீஸ் குளிக்கவிடாமல் விரட்டுவது சும்மா இல்லை, தயவுசெய்து அவர்களோடு சண்டை போடாதீர்கள்.

இரண்டுபிள்ளைஅம்மா எழுதியது:

பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவருக்கு ஒரு தாயாக நான் பதில் சொல்கிறேன். நீந்தத் தெரியாத குழந்தைக்கு, ஐந்து ஆறு வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்கும், ஒரு பெரியவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கரையில் நாற்காலி போட்டு போன் பார்த்துக்கொண்டு இருப்பது கணக்கில் வராது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அதில் கால்வாசிக்குக் கிட்ட 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். லைஃப்கார்டு முப்பது தலைகளைப் பார்க்கிறார். என் பிள்ளை ஒன்றைப் பார்க்க நான் இருக்கிறேன். இரண்டும் வேண்டும்.

கையில் மாட்டுகிற காற்று மிதவையை நம்பிப் பிள்ளையை விடுகிறார்கள், அதுவும் வேண்டாம், நழுவிவிடும்.

இரவுப்பணி எழுதியது:

அம்மா சொல்வது முற்றிலும் சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளையைக் காணோம் என்று யாராவது சொன்னால் முதலில் தேட வேண்டிய இடம் தண்ணீர். மாடியில் தோழி வீட்டிலும் பூங்காவிலும் தேடிவிட்டுக் கடைசியில் குளத்துக்கு வருகிறார்கள். தோழி வீட்டில் இருக்கிற பிள்ளை பத்து நிமிடம் கழித்தும் அங்கேயே இருப்பாள்.

கோர்ட்வளாகம் எழுதியது:

வக்கீல் என்ற முறையில் சுருக்கமாக. கவனக்குறைவால் உயிர் போனால் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1) பொருந்தும், தண்டனை 5 ஆண்டு வரை. முன்பு இதே குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏயில் 2 ஆண்டு வரைதான் இருந்தது. அது லைஃப்கார்டோடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அவரை மேசை வேலைக்கு உட்கார வைத்தது யார், தகுதி பார்க்காமல் எடுத்தது யார், கூட்டத்துக்கு ஏற்ற ஆள் வைத்தார்களா என்றெல்லாம் விசாரணையில் கேள்வி வரும், குளத்தை நடத்துகிற சங்கமும் ஏஜென்சியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நஷ்டஈடு கேட்டுப் போடுகிற வழக்கு தனி. ஏஜென்சி ஒப்பந்தத்தில் "குளம் திறந்திருக்கும் நேரத்தில் கண்காணிப்பைத் தவிர வேறு பணி கிடையாது" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேருங்கள்.

ஏபிளாக்வாசி எழுதியது:

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். "குளம் பராமரிப்பு, சுத்தம், பதிவேடு, பாதுகாப்பு" என்று நான்கையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள், பாதுகாப்பு கடைசியில். மாற்றச் சொல்லி எழுதிவிட்டேன். வகுப்பு எடுப்பதைப் பற்றியும் சான்றிதழ் பற்றியும் குளக்கரை அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும்.

குளக்கரை எழுதியது:

வகுப்பு எடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் எடுக்கிற நேரம் அவர் வாத்தியார், லைஃப்கார்டு வேறொருவர் இருக்க வேண்டும். ஒரு குழந்தையின் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக் கால் உதைக்கச் சொல்லிக்கொடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீரை யார் பார்ப்பது? க்ளோரின் போடுவது, வலை போட்டு இலை எடுப்பது எல்லாம் குளம் மூடியிருக்கும் நேரத்தில்.

சான்றிதழைப் பொறுத்தவரை, நம் நாட்டில் ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி பயிற்சி தருகிறது, கோவாவில் மத்திய சுற்றுலாத் துறையின் தேசிய நீர் விளையாட்டு நிறுவனமும் லைஃப்கார்டு பயிற்சி நடத்துகிறது. எந்தச் சான்றிதழாக இருந்தாலும் தேதியைப் பாருங்கள், என்றைக்கோ வாங்கிப் புதுப்பிக்காமல் கிடந்தால் திரும்பப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். காகிதத்தைவிட நான் நம்புவது நேரில் பார்ப்பதை. ஒரு நாள் காலையில் ஆள் இல்லாதபோது 5 அடியில் ஒரு ரப்பர் கல்லையோ பொம்மையையோ போட்டு, எவ்வளவு நேரத்தில் பார்க்கிறார், எடுக்கிறார் என்று பாருங்கள். பொம்மையில் மூச்சு கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உருப்படியான ஆள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் இடத்தில் மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்லாமல் கொள்ளாமல் இதைச் செய்கிறோம், பையன்களே அடுத்த தடவை எப்போது என்று கேட்பார்கள்.

ஒத்திகையில் வாட்ச்மேனையும் சேருங்கள். லைஃப்கார்டின் கை தண்ணீரில் ஆளோடு இருக்கும், போனை எடுக்க முடியாது. 108க்கு யார் அடிப்பது, கேட்டை யார் திறந்து வைப்பது, குளம் மாடியில் இருந்தால் லிஃப்டை யார் பிடித்து நிறுத்துவது, ஆம்புலன்ஸை எந்த பிளாக் வழியாகக் கூட்டி வருவது என்று ஆளும் பெயரும் போட்டு எழுதி ஒட்டுங்கள். "யாராவது போன் பண்ணுங்க" என்று கத்தினால் எல்லோரும் அடுத்தவர் பண்ணியிருப்பார் என்று நின்றுவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். பெரிய பையன்கள் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று பந்தயம் போடுவார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவார்கள், அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற உணர்வே தாமதமாகத்தான் வரும். அதற்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து நினைவு போய்விடும். நல்ல நீச்சல் தெரிந்தவன் சத்தமில்லாமல் தரையில் கிடப்பான், பக்கத்தில் இருப்பவர்கள் அவன் ஜெயிக்கிறான் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். பந்தயத்தைப் பார்த்ததும் விசில் ஊதி நிறுத்துவது லைஃப்கார்டின் கடமை, அப்போது எந்தப் பெற்றோரும் "என் பையனையா அதட்டுறே" என்று அவரிடம் சண்டைக்கு வரக்கூடாது. இதைக் கமிட்டி எழுத்தில் கொடுங்கள். அந்தத் தம்பி உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர், ஃபிளாட் ஓனரை அதட்ட அவருக்குத் தைரியம் வர வேண்டுமென்றால் நீங்கள் பின்னால் நிற்க வேண்டும்.

அப்புறம் 3 அடியில் தலைகுப்புறப் பாய்வது. தரையில் தலை இடித்தவரைக் கையைப் பிடித்து இழுத்துவிடாமல், தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி தண்ணீரிலேயே தாங்கி, பலகை வைத்து எடுக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் மட்டும் அதற்கெல்லாம் காத்திருக்காமல் வெளியே எடுத்து மூச்சு கொடுக்க வேண்டும். இது பழகாமல் வராது, பயிற்சி தருகிறவரிடம் தனியாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், பலகையையும் சங்கம் வாங்கிக் கொடுங்கள்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஆழப் பகுதியின் தரையில் இருக்கிற வடிகால் மூடியின் துளைகள் கரையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, அன்றைக்குக் குளத்தை மூட வேண்டும், மூடுகிற அதிகாரம் அந்தத் தம்பிக்கே இருக்க வேண்டும். ஞாயிறு மாலை கூட்டம் என்று சொன்னீர்கள், ஆறு மணிக்கு மேல் உங்கள் குளத்துக்குள் விளக்கு எரிகிறதா என்று இன்றைக்கே ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஏபிளாக்வாசி எழுதியது:

போய்ப் பார்த்தேன் அண்ணா. மூன்று விளக்கில் ஒன்றுதான் எரிகிறது, 5 அடிப் பக்கம் முழுக்க இருட்டு. எலக்ட்ரீஷியன் வந்து சரி செய்கிற வரை மாலை ஐந்தரைக்கு மேல் குளம் கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டோம். ரெஜிஸ்டர் இன்றிலிருந்து வாட்ச்மேன் மேசைக்குப் போய்விட்டது. லைஃப்கார்டு தம்பியிடம் நீங்கள் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன், டியூப் வாங்கித் தரச் சொல்லி அவர் நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நாளைக்கு வந்துவிடும்.